ஏழாவது மாற்றத்தின் காரணம்

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சர்க்யூட் வரைந்த தாளை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், நகல் எடுக்கலாம், அடித்துத் திருத்தலாம். ஆனால் எதை மாற்றினோம், எதற்காக மாற்றினோம் என்று தாளின் பின்பக்கம் எழுதாமல் அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடாது. எழுதாமல் நீட்டினால் டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எந்தினா?" என்பார். எதற்கு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக எழுதினோம்.

டீச்சர் அரசுப் பள்ளியில் ஃபிசிக்ஸ் நடத்துகிறவர். தொண்ணூறுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆறேழு பேர் அவரோடு கூடுவோம். நான் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். முதலில் எல்லாம் விளையாட்டுத்தான். கைதட்டினால் எரியும் விளக்கு, மழை வந்தால் கத்தும் பெட்டி என்று ஏதாவது செய்வோம். பிறகு ஒருநாள், படுக்கையில் விழுந்த நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வாய் பேச முடியாதவர்கள் வீட்டாரைக் கூப்பிட ஒரு மணி செய்து தர முடியுமா என்று கேட்டார். விளையாட்டு அன்றோடு முடிந்தது.

மணி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சோப்பு டப்பா, ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர், நீளமான ஒயர், நுனியில் ஒரு பொத்தான். கஷ்டமெல்லாம் அந்தப் பொத்தானில் இருந்தது. ஒருவருக்குக் கட்டைவிரல் மட்டும் அசையும், இன்னொருவருக்கு முழங்கை, இடக்கொச்சியில் ஒரு அம்மாவுக்குத் தாடை. ஒவ்வொருவரிடமும் மிச்சமிருப்பது எதுவோ அதற்குத் தக்கபடி பொத்தானை மாற்றுவோம், தாளின் பின்னால் காரணம் எழுதுவோம். நோயாளி இறந்துபோனால் மணி திரும்பி வரும். துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுப்போம். நாலு மாற்றங்கள் இப்படி ஆயின. எங்கள் மணியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அண்ணனுக்கு அந்தக் கர்வத்தைக் கண்டால் ஆகாது. அவன் கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை சுத்தம் செய்கிறவன். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த அப்பா செத்தபிறகு அப்பாவின் வேலை அவனுக்குக் கிடைத்தது. நான் ஐ.டி.ஐ. படித்தது அவன் கைத் துடைப்பத்தின் தயவில்தான். மட்டாஞ்சேரியில் எந்த வீட்டைக் கேட்டாலும் அதன் ஓடையை வைத்து வழி சொல்வான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஊருக்கெல்லாம் மணி கெட்டுறான் எங்க தம்பி. வீட்டுல பல்பு பீஸ் போயி ரெண்டு மாசம். அதை யாரு மாத்தும், சேட்டன் வரணுமா?" என்று சாயா குடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பல்பை மாற்ற மாட்டேன். கடைசியில் அவனே மாற்றுவான்.

அந்தக் கையிலிருந்துதான் முதலில் துடைப்பம் நழுவியது. நரம்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும் நோய் என்று எர்ணாகுளத்தில் டாக்டர் சொன்னார். மருந்து உண்டா என்று கேட்டேன். அவர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினார். கை போயிற்று, கால் போயிற்று, ஒன்றரை வருஷத்தில் பேச்சும் போயிற்று. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, மணி செய்கிறவன் வீட்டுக்கே மணி வேண்டிவந்தது. வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் அவனுக்கு அசைந்தது. அதற்கென்று ஐந்தாவது மாற்றமாக நான் செய்து கொடுத்த பொத்தானை அழுத்தி, முதல் நாள் முழுக்க என்னைச் சும்மா சும்மா கூப்பிட்டான். போய் நின்றால் மேலே பல்பைப் பார்ப்பான். அது எரிந்துகொண்டுதான் இருக்கும்.

தினமும் காலையில் மணியைச் சோதிப்பேன். என் விரலால் அழுத்துவேன், அடிக்கும், திருப்தியாக மேஜைக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். கஞ்சி கொடுத்து, வாய் துடைத்து, மணியை அழுத்திப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு முன்னறையில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. நர்ஸ் வழியில் எட்டிப் பார்த்து, "சேட்டன் எங்ஙனெ உண்டு?" என்று அண்ணனை விசாரித்தபோது, "இன்னைக்கு நல்ல சுகம், ஒரு தடவைகூட கூப்பிடலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனேன். சர்க்கரை போட்ட கஞ்சி வாயோரம் கொஞ்சம் காய்ந்திருந்தது. ஜன்னல் கட்டையிலிருந்து எறும்பு வரிசை தலையணை ஏறி, கன்னம் ஏறி, இடது கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் திறந்து என்னையே பார்த்தது. அவன் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. நகத்தின் நுனி வெளுத்துப்போயிருந்தது. அவன் அழுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறான். பொத்தானைக் கீழே இறக்குகிற பலம் அந்த விரலிலிருந்து முந்தின ராத்திரியோ அன்று காலையோ போய்விட்டிருந்தது. நான் சோதித்ததெல்லாம் என் விரலைத்தான்.

எறும்புகளைத் தட்டினேன், முகம் கழுவினேன், கண்ணில் மருந்து விட்டேன். "அண்ணே, மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனால் ஆமென்றும் சொல்ல முடியாது, போடா என்றும் சொல்ல முடியாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே இரண்டு மாற்றம் செய்தேன். ஆறாவது, விரலுக்குப் பதில் புருவம். பழைய ரிலேயிலிருந்து எடுத்த மெல்லிய தகடு ஒன்றை நெற்றியில் ஒட்டினேன். புருவம் லேசாக உயர்ந்தால் மணி அடிக்கும். அதற்குக் காரணம் எழுதுவது எளிது, எழுதினேன். ஏழாவது, தானாக அடிக்கிற மணி. ஒரு மணி நேரம் நோயாளி புருவத்தை அசைக்காமல் இருந்தால் எதிரே ஒரு பச்சை விளக்கு எரியும். இருக்கிறேன் என்று அவர் ஒருமுறை அசைத்தால், மணி அடிக்காமல் விளக்கு மட்டும் அணைந்துவிடும். அசைக்காவிட்டால் ஐந்து நிமிஷத்தில் மணி தானே அடிக்கத் தொடங்கி, அசைக்கும்வரைக்கும் நிற்காது. மணி சும்மா இருந்தால் சுகம் என்று இனி எவனும் நினைத்துவிடக்கூடாது, எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாளை நீட்டினேன். டீச்சர் திருப்பிப் பார்த்தார். ஏழு என்று போட்டு எதிரே வெறுமையாக விட்டிருந்தேன்.

"எந்தினா?" என்றார்.

"பின்னெ எழுதாம் டீச்சர்", பிறகு எழுதுகிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் காரணமில்லாத தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஏழாவது மாற்றம் ரொம்பப் பிடித்துவிட்டது. பச்சை விளக்கு எரியும், அவன் பார்த்துக்கொண்டே புருவத்தை அசைக்காமல் கிடப்பான். மணி அலறும். நான் சாலிடரிங் கம்பியைப் போட்டுவிட்டு ஓடுவேன். வாசல்படியில் என் முகத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கி மணியை நிறுத்துவான். கண் இரண்டும் சிரிக்கும். பல்பு மாற்றாத தம்பியை ஓடவைக்க அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "உன் குறும்புக்கு ஒரு எல்லை இல்லையா?" என்று கத்துவேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். எறும்புக்காக என்னை மன்னித்துவிட்டான் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. போகப்போக நான் ஓடுவதை விட்டு நடக்க ஆரம்பித்தேன். சில சமயம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டுவேன், அவன் நிறுத்திவிடுவான்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும். இடக்கொச்சியில் தண்டுவடம் அடிபட்டுக் கிடந்த ஒரு மீன்காரருக்கு அன்றே மணி கொண்டுபோகவேண்டும். போர்டில் சாலிடர் வைக்க இரண்டு ஜாயிண்ட் பாக்கி. அப்போது உள்ளே மணி அடித்தது.

"அண்ணே, விளையாடாதே. ரெண்டு ஜாயிண்டு பாக்கி இருக்கு, இதோ வந்துடறேன்" என்று குரல் கொடுத்தேன்.

முதல் ஜாயிண்டை வைத்தேன். மணி நிற்கவில்லை. எரிச்சலாக வந்தது. இரண்டாவதையும் வைத்தேன், ஊதினேன், பளபளப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் எழுந்தேன்.

தகடு நெற்றியில் அசையாமல் இருந்தது. எதிரே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கண் பாதி திறந்து அதையே பார்ப்பதுபோல் இருந்தது. தொட்டேன். கை சில்லென்றிருந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது, நான்தான் கை நீட்டி அதை நிறுத்தினேன்.

நர்ஸ் வந்து பார்த்து, நீ ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, உயிர் அதற்கு முன்பே போய்விட்டது என்றார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். கடைசி அசைவுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த மணி அடிக்கும். அதைச் செய்தவனுக்கே அது தெரியாதா? தெரிந்து என்ன பயன். மணி கூப்பிட்டது, நான் ஜாயிண்ட் வைத்துக்கொண்டிருந்தேன்.

இடக்கொச்சிக்கு மணியை மறுநாள் வேறொருவர் கொண்டுபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அண்ணனின் மணியை நான் துடைத்துக் கூட்டத்தில் ஒப்படைத்தேன். மாடிக்குப் போவதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. டீச்சர் ஒருதடவை வீட்டுக்கு வந்து, சாயா குடித்து, எதுவும் கேட்காமல் போனார்.

சில வருஷம் கழித்து அந்தத் தாள்களையெல்லாம், முன்பக்கமும் பின்பக்கமும், டீச்சர் இணையத்தில் போட்டார். எங்களைப் போலப் பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் கடிதம் போட்டுக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில், யாரும் செய்துகொள்ளலாம், யாரும் மாற்றலாம், காரணம் எழுதவேண்டும் என்ற அதே சட்டத்தோடு. என்னையும் அதில் சேர்த்துவிட்டார். ஒருநாள் தமிழ்நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊரிலும் ஒன்பது வீட்டுக்கு உங்கள் மணியைச் செய்து கொடுத்திருக்கிறோம், ரொம்ப நன்றி. ஒரே ஒரு தொந்தரவு, அந்த ஏழாவது மாற்றம். நோயாளி தூங்கினால்கூட அடிக்கிறது. புலி வருது கதையாகி, அடித்தாலும் வீட்டில் யாரும் எழுந்து போவதில்லை. அந்தப் பாகத்தை எடுத்துவிடலாமா? உங்கள் தாளில் அதற்கு மட்டும் காரணம் எழுதவில்லையே, எதற்காக அது?

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. அப்புறம் யார்மேல் கோபம் என்று எனக்கே தெரிந்தது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆயிற்று. மலையாளப் பள்ளியில் படித்த எனக்கு மலையாளம்தான் சரளமாக எழுதவரும். ஆனால் அண்ணனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதால், எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழில் எழுதினேன்.

தாளில் விட்டிருந்த இடத்தை முதலில் நிரப்பினேன்:

"ஏழாவது மாற்றம்: தானாக அடிக்கும் மணி. காரணம்: மணி அடிக்கவில்லை என்பதால் சுகம் என்று நினைத்தேன். அண்ணன் கண்ணில் இரண்டு மணி நேரம் எறும்பு இருந்தது. தயவுசெய்து எடுக்கவேண்டாம். தூங்குகிறவருக்கு நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்."

அதன் கீழே இன்னொன்றும் எழுதினேன்:

"எட்டாவது மாற்றம்: சர்க்யூட்டில் ஒன்றுமில்லை. மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உடனே போகவும். காரணம்: ஒருதடவை நான் போகவில்லை."