முட்டைக்கு முதல் மன்னிப்பு

மசிடோனியப் பையன் ஒருவனைக் கட்டப்போவதாக என் மகள் சொன்ன அன்று நான் செய்த முதல் வேலை, அந்த நாடு எங்கே இருக்கிறது என்று போனில் தேடிப் பார்த்ததுதான். பள்ளிக்கூடத்தில், குதிரையில் ஏறி உலகத்தைப் பிடிக்கப் புறப்பட்ட ஒரு ராசாவின் ஊர் என்று அதைப் படித்த ஞாபகம் இருந்தது. அவர் எங்கள் பக்கம் வராமலே திரும்பிப் போய்விட்டதால், பரீட்சை முடிந்தபின் நானும் அவரை மறந்துபோனேன். இப்போது அவருடைய ஊர்க்காரர் ரொறொன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் இரண்டு கார் விடுகிற கராச்சோடு வீடு வாங்கி, என் மகளுக்காகக் காத்திருந்தார்கள்.

"அம்மா, அவையும் எங்களைப் போலத்தான்," என்றாள் மகள். "எல்லாத்துக்கும் சாப்பாடு. எல்லாருக்கும் எல்லாரிலயும் கோபம்."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர்களுடைய கொண்டாட்டங்களுக்கு விருந்தாளியாகப் போய்ப் போய் என் சட்டைகள் எல்லாம் இறுகிவிட்டன. ரொறொன்ரோ முழுக்கக் கிறிஸ்மஸ் மரத்தைக் கழற்றித் தெருவோரம் போட்டபிறகு, அவர்கள் ஜனவரியில் ஆறுதலாகக் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறார்கள். பழைய கலண்டர்ப்படியாம். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் இரண்டு கட்சியாகப் பிரிகிற சனத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கிறிஸ்மஸுக்கு முதல்நாள் ரொட்டிக்குள் ஒரு நாணயத்தை ஒளித்துச் சுடுகிறார்கள். யாருடைய துண்டில் அது அகப்படுகிறதோ அவருக்கு அந்த வருடம் முழுக்க அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என் கணவருக்குத்தான் வந்தது. ஆசையோடு கடித்ததில் அவருடைய கடைவாய்ப் பல் உடைந்துபோனது.

கோடையில் ஒரு பிக்னிக். அங்கே கையோடு கை கோத்து நீளமாக நின்று ஆடுகிறார்கள். வரிசையின் தலையில் நிற்கிறவர் கைலேஞ்சித் துணியைச் சுழற்றி ஆட்டத்தை நடத்துவார். புதிதாகச் சேருகிறவர் வாலில் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அங்கே ஒரேயொரு சட்டம். என் கணவர் நேரே போய்த் தலையில் நின்றார். வரிசையின் வால் எங்கள் ஆட்களுடைய கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தச் சனம் நல்ல சனம், கைலேஞ்சியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் சந்தோசமாகத் தின்றுகொண்டு திரிந்த என்னை, பனி இன்னும் போகாத ஒரு நாளில் பையனுடைய தாய் போனில் கூப்பிட்டார். அவரைச் சம்பந்தி என்றே சொல்கிறேன், கல்யாணம் ஆவணியில்தான் என்றாலும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு மன்னிப்பு நாள் என்றார். ஈஸ்டருக்கு முந்திய நீண்ட விரதம் மறுநாள் தொடங்குகிறது. விரதத்துக்குள் போகுமுன் இளையவர்கள் மூத்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். மூத்தவர்கள் மன்னிக்கவேண்டும். நடுநடுவே சாப்பாடு. கடைசியாக நூலில் ஒரு அவித்த முட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, கையால் தொடாமல் வாயால் கவ்வுகிற விளையாட்டு.

முட்டை எனக்கு உடனே விளங்கியது. மன்னிப்புத்தான் விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்தால் அதற்குப் பெரிய ஹோல் வாடகைக்கு எடுத்து, வாசலில் இரண்டு பொலிஸ்காரரையும் நிறுத்தவேண்டி வரும்.

"உங்கள் தங்கையையும் கூப்பிட்டிருக்கிறேன்," என்றார் சம்பந்தி. "உங்கள் மகள்தான் நம்பர் தந்தாள். எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்!"

எனக்குத் தங்கை கிடையாது.

இருக்கிறது ஒரு அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். இந்த நாட்டுக்கு வரும்போது ஏஜென்சிக்காரன் செய்துகொடுத்த பாஸ்போட்டில் அவருக்கு ஐந்து வயது குறைந்துபோயிருந்தது. அதையே எல்லாப் பேப்பரிலும் பிடித்துக்கொண்டார். நான் உள்ள வயதோடு வந்திறங்கிய முட்டாள். ஆகவே கனடா அரசாங்கத்தின் கணக்கில் நான்தான் மூத்தவள். அவரோடொத்தவர்கள் பென்சன் எடுக்கிற காலத்தில் அவர் இன்னும் ஐந்து வருடம் வேலைக்குப் போகவேண்டும். அதைக்கூட அவர் இளமைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டார். தலைச்சாயம் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். மேல்வரிசை முழுவதும் பல்லுச் செற் என்பது அவருக்கும் எனக்கும் பல் டொக்டருக்கும் மட்டும் தெரிந்தது.

அவருடைய வயது அவருடைய சொத்து என்று நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் என்னுடைய ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. ஸ்காபரோவில் ஹோல் எடுத்து, கொத்துரொட்டிக்காரனை உள்ளேயே அடுப்பு வைக்கச் செய்து, கணவரும் மகளும் பெரிதாகக் கொண்டாடினார்கள். அக்கா மைக்கை வாங்கினார். முன்மேசையில் அவரோடு வேலைசெய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"இண்டைக்கு என்ர அக்காவுக்கு ஐம்பது வயது," என்று தொடங்கினார். "சின்னனில என்னைத் தூக்கி வளர்த்தவ..."

சனம் கைதட்டியது. நான் கேக் வெட்டுகிற கத்தியோடு நின்றேன். பின்னால் கோப்பை கழுவுகிற இடத்தில் வைத்துக் கேட்டபோது, "ஏன் கத்துறாய்? என்ர வேலையிட ஆக்கள் நிக்கினமெல்லே," என்றார். "இனி உங்களுக்கு நான் தங்கச்சியுமில்லை, அக்காவுமில்லை," என்றுவிட்டு வந்தேன்.

மூன்று வருடமாகப் பேச்சில்லை. வயதுதான் பிரச்சினை என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயது பிரச்சினையில்லை. நான் பேசப் பழகிய முதல் சொற்களில் ஒன்று அக்கா. அதை முந்நூறு பேருக்கு முன்னால் என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, புதுச் சேலையோடு குளியலறையில் இருந்து அழுதேன். எனக்கு அக்கா இல்லாமல் போய்விட்டார் என்பதுதான் என் துக்கம்.

மகளுக்கு இது வேறுவிதமாக வலித்தது. நான் பின்னேர ஷிஃப்டுக்குப் போன காலத்தில் அவளுக்குச் சோறு தீத்தித் தலை வாரி இழுத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய பெரியம்மாதான். கல்யாணப் பேச்சு வந்ததும் அக்கா, "அவள் இருக்கிற ஹோலுக்கு நான் வரமாட்டன்," என்று சொல்லியனுப்பிவிட்டார். மகள் என்னிடம் வந்து நின்றாள். "பெரியம்மா வராட்டில் எனக்கு ஹோலும் வேண்டாம், கூறைச்சேலையும் வேண்டாம். ஐ மீன் இட், அம்மா. சிட்டி ஹோலில போய் சைன் வைச்சிட்டு வந்திடுவம்."

மன்னிப்பு நாளுக்கு அக்காவின் நம்பர் ஏன் கொடுக்கப்பட்டது என்பது இப்போது விளங்கியிருக்கும். என் மகளுக்குத் தாயைவிட மூளை கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில் வீட்டு வாசலில் சப்பாத்துகள் கோயில் வாசலைப்போலக் குவிந்துகிடந்தன. அக்கா எனக்கு முந்தியே வந்து, ஜீன்ஸும் பூப்போட்ட சட்டையுமாக, ஒரு தட்டு உழுந்துவடையோடு சோபாவில் இருந்தார். வடையை எல்லாருக்கும் நீட்டினார். எனக்கு மட்டும் தட்டு வளைந்து போனது. நானும் கீரையும் சீஸும் அடுக்கிச் சுட்ட அவர்களுடைய பணியாரத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்தேன்.

பிறகு அது தொடங்கியது. பையனுடைய தகப்பன், கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம், தன் தமையனுக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றார். கையை எடுத்து முத்தமிட்டு ஒரு சொல் சொன்னார். தமையன் இன்னொரு சொல் சொல்லி எழுப்பிக் கட்டிப்பிடித்தார். அவ்வளவுதான். எதற்காக மன்னிப்பு என்று இருவருமே சொல்லவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் ஆட்களென்றால் எதற்கு என்பதில்தான் தொடங்குவோம், எண்பத்துமூன்றாம் ஆண்டுவரை பின்னுக்குப் போவோம், வேறு இரண்டு பேரோடும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இருந்தாலும் அந்த இரண்டு கிழட்டு ஆண்களும் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்தபோது நானும் உறிஞ்சினேன். பணியாரத்தின் சூட்டால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொருவராக முடிந்தது. மகளும் பையனும் எல்லாருடைய காலிலும் விழுந்து எழுந்தார்கள். சம்பந்தி கையைத் தட்டினார்.

"இனி சகோதரிகள்! இளையவர் போய்க் கேட்கவேண்டும்."

 என் கணவர் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த மீனின் முள்ளைப் பக்தியோடு எடுக்கத் தொடங்கினார். மகள் எங்களிருவரையும் மாறிமாறிப் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது.

இதில் ஒரு பொறி இருந்தது. அக்கா மூத்தவர் என்றால் நான் போய் விழவேண்டும். அந்தச் சந்தோசம் அவருக்கு வேண்டுமானால், "நான்தான் மூத்தவள்" என்று சம்பந்தி வீட்டுக்கு முன்னால் ஒப்புக்கொள்ளவேண்டும். போனில் தங்கச்சி என்று சொன்ன பொய்யையும் விழுங்கவேண்டும். அந்த ஒரு சொல்லை அவர் சொன்னால் நான் கோடு கிழித்தது போல நீட்டாகத் தரையில் விழத் தயாராக இருந்தேன். மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளத்தான்.

அக்கா வடைத்தட்டை வைத்தார். கையைத் துடைத்தார். எழும்பி நேரே வந்து, என் முன்னால் முழங்காலில் இருந்து, என் கம்பளிச் சொக்ஸை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அக்கா," என்றார் எல்லாருக்கும் கேட்க. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

செய்த குற்றத்தையே இன்னொருமுறை செய்து, அதைக்கொண்டே மன்னிப்புக் கேட்க என் அக்காவால் மட்டும்தான் முடியும். காலை உதறிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பிடி விடவில்லை. குனிந்த தலைக்குக் கீழிருந்து எனக்கு மட்டும் கேட்கிற குரல் வந்தது.

"கெதியா மன்னியடி விசரி. முழங்கால் பிடிச்சிட்டுது."

அவரால் எழும்ப முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தார், மற்றக் கை என் காலை இழுத்தது. உச்சியில் சாயம் போடாத வெள்ளைக்கோடு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. இந்த மூன்று வருடத்தில் அவருக்கு இப்படி ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து அரிசி மூட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கினேன்.

"மன்னிச்சிட்டன். எழும்புங்கோ அக்கா."

"கூறை எடுத்திட்டியே?" என்றார் என் தோளில் பாரத்தைப் போட்டபடி.

"இன்னும் இல்லை."

"நல்லதாப் போச்சு. உனக்கு நிறம் பாக்கத் தெரியாது. நான் வாறன்."

மகள் ஓடிவந்து எங்களிருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாத சம்பந்தி எல்லாரையும்விட அதிகமாக அழுதார்.

அடுத்தது முட்டை. பையனுடைய பெரியப்பா ரொட்டி உருட்டுகிற நீளக் கட்டையின் நுனியில் நூலைக் கட்டி, கோது உரித்த முட்டையைத் தொங்கவிட்டார். எல்லாரும் வட்டமாக நின்றோம். சின்னவர்களிலிருந்து தொடங்கி மூத்தவரில் முடிப்பது அந்த வீட்டு வழக்கம். பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு துள்ளினார்கள். பையன் மூக்கால் இடித்தான். என் மகள் கவ்வியதும் எல்லாரும் கூவினார்கள். புது முட்டை கட்டினார்கள். கட்டை எங்கள் பக்கம் திரும்பி, இளையவர் என்று சற்றுமுன் எல்லாருக்கும் தெரியவந்த அக்காவுக்கு முன்னால் வந்து நின்றது.

முட்டை ஆடியது. அக்காவின் கை தன்பாட்டில் மேலுதட்டுக்குப் போனது. மேல்வரிசை முழுவதும் முட்டையோடு போய்ச் சம்பந்தி வீட்டு நடுவில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மன்னித்தது மன்னித்ததுதான், அதற்காக உதவிசெய்யவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார்.

"நோ, நோ. ஷீ இஸ் த யங்கர் வன். ஐ ஆம் த எல்டர்." மூன்று விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "த்ரீ இயர்ஸ்!"

சம்பந்தி, "ஆனால்..." என்று தொடங்கினார். கோப்பையும் கையுமாக வட்டத்தில் நின்ற என் கணவர் மீன் முள்ளை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

இந்த நாளுக்காக நான் மூன்று வருடமாக ஒரு பதிலைச் சேர்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போதும் 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்துத் தீட்டி வைத்த பதில். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரியப்பா கெட்டிக்காரர், அந்த நேரம் பார்த்துக் கட்டையை ஆட்டிவிட்டார். முட்டை முழுதாக உள்ளே வந்துவிட்டது.

வீடே ஆரவாரித்தது. மஞ்சட்கரு தொண்டையில் நிற்க, என்னால் சொல்ல முடிந்தது ஒரேயொரு சொல், அதுவும் பாதிதான் வெளியே வந்தது: "அக்..."

"ஓம் ஓம், இஞ்சைதான் நிக்கிறன்," என்று அக்கா என் முதுகில் தட்டினார். "முதல்ல விழுங்கு."