வெள்ளிக்கிழமை மட்டும் அறுந்த இணைப்பு

இணைப்புப் பழுது பார்க்கும் வேலையில் யாரும் முதலில் பழுதைச் சொல்வதில்லை. யாரோடு பேச முடியாமல் போயிற்று என்பதைத்தான் சொல்வார்கள்.

திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்த உங்களுக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில், பதுளையில் இணைய இணைப்பு விற்கும் ஒரு கடையில் குறை கேட்கும் மேசைக்கு வந்து சேர்ந்தேன். தமிழில் கேட்க அங்கே வேறு ஆள் இல்லை. வந்தவர்களில் பூனாகலைத் தோட்டத்து அந்தோனியைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

மாதாவின் பக்கத்தில்

அந்தோனி தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். மனைவி ஜெசிந்தா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அவள் போனபோது மகள் ரோஷினி கைக்குழந்தை. இப்போது பேச்சு வந்து ஓடித் திரிகிற பிள்ளை. "தாய் மொகம் தெரியாம வளருது டீச்சர்" என்றார். அதற்காகவே ஜெசிந்தா ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பியிருந்தாள். அதில் முகம் வரும், வாய் பாதி திறந்தபடி அப்படியே நிற்கும், பிறகு அறுந்துவிடும்.

பஸ் பிடித்து, அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போனேன். சிம் போடும் வைஃபை பெட்டியை, மாதா சுரூபம் இருக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, பின்னல் துணியால் போர்த்தியிருந்தார். மேலே தகரக் கூரை, நடுவே தகரத் தடுப்பு. காற்றும் இல்லை, சிக்னலும் இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்திருந்த கடைசிக் காம்பராவின் ஜன்னலில்தான் சிக்னல் நன்றாக இருந்தது. அது பாக்கியம் அக்காவின் வீடு. முழங்கால் போய்க் கொழுந்து பறிப்பதை விட்டவர். மறுபேச்சில்லாமல் ஜன்னலையும் சுவரில் செருகும் இடத்தையும் தந்தார். பெட்டியை நான் வெளியே எடுத்தபோது அந்தோனி மெதுவாகச் சொன்னார்: "மாதா பக்கத்துல இருந்தா அறுந்து போகாதுன்னு நெனச்சேன் டீச்சர்."

முதல் இடி

ஒரே மாதத்தில் திரும்ப வந்தார். "மத்த நாள்ல எல்லாம் நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமை அவ வர்ற நேரம் மட்டும் போயிருது." குவைத்தில் அந்த வீட்டு ஆண்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டு மூத்த பெண் தன் கணினியை ஜெசிந்தாவுக்குக் கொடுப்பாளாம். வாரத்தில் கிடைப்பது அந்த அரைமணி நேரம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்தேன். முகம் தெளிவாக வந்தது. மத்தியானந்தோறும் இடி வரும் மாதம் அது; மற்ற நாட்களில் அந்த நேரம் அந்தோனி தூக்கத்தில் இருப்பார். அப்புத்தளைப் பக்கம் எங்கோ ஓர் இடி முனகியது. உடனே முகம் நின்றது. மடிக்கணினி தன் பேட்டரியில் எரிந்துகொண்டே இருந்ததால் அந்தோனிக்கு எதுவும் தெரியவில்லை. நான் எழுந்து கடைசிக் காம்பராவுக்குப் போனேன். பாக்கியம் அக்கா பெட்டியின் செருகியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் இடி கேட்டதும் வீட்டில் இருப்பவர் லயம் முழுக்க ஓடிச் செருகிகளைப் பிடுங்க வேண்டும். கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள் அந்த நம்பிக்கையில்தான் கதவைத் திறந்து போட்டுப் போவார்கள். அந்தப் பொறுப்பு அக்காவுடையது. விஷயத்தைச் சொன்னேன். செருகியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். "இத்தன வீட்டு டீவியக் காப்பாத்தினவ நான். ஒரு மொகத்தை அறுத்துக்கிட்டா இருந்தேன்?"

பழைய பேட்டரி

இடிக்கும்போது செருகாதே என்ற வழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சரியான வழக்கம். வழி அக்காவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. லயத்துக்குக் கரண்ட் வருமுன் டீவி பார்க்க வைத்திருந்த கார் பேட்டரி. அந்தோனி அதைச் சுமந்துபோய் பண்டாரவளையில் சார்ஜ் ஏற்றி வந்தார். பெட்டிக்கு அந்த மின்சாரமே போதும். சுவரோடு எந்தத் தொடர்பும் வேண்டாம். "கரண்ட் வந்திருச்சு, தூக்கி வீசுங்கன்னியே அந்தோனி," என்றார் அக்கா, "இப்ப உன்னையத் தூக்கி வீசவா?"

அசைந்த முகம்

அடுத்த வெள்ளிக்கிழமை இடி இடித்தது. மழையும் கூரையில் கொட்டியது. ஜெசிந்தா திரையில் வந்தாள், போகவில்லை. பேசினாள், சிரித்தாள், தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். "ரோஷி, அம்மாகிட்ட வாடி தங்கம்."

பிள்ளை அலறிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தாள். "இது எங்கம்மா இல்ல. எங்கம்மா அசையாது."

அந்தோனி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார். குவைத்தில் ஜெசிந்தா கையை மடியில் வைத்தாள். வாயைப் பாதி திறந்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரோஷினி ஓரடி ஓரடியாக வந்தாள். தெரிந்த படம். திரையில் உள்ளங்கையை வைத்தாள், பிறகு கன்னத்தையும். சிக்னல் கோடுகள் முழுதாகத்தான் இருந்தன. ஜெசிந்தாவின் கண்ணிலிருந்து நீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றதைக் கவனித்து வாசலிலிருந்து அந்தோனி கேட்டார்: "மறுபடியும் நின்னுருச்சா டீச்சர்?"

அத்தனை வருட வேலையில், சரி செய்யாமலே நான் விட்டுவந்த நின்ற படம் அது ஒன்றுதான்.