பத்து நடக்கிறது

ஜெர்மனியில் யாருக்காவது பிறந்தநாளுக்கு ஒருநாள் முந்தி வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளே. சுடுதண்ணீர் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்வார்கள். முந்தி வாழ்த்தினால் கூடாதாம், கெட்டது வருமாம். ரயில் அரை மணி நேரம் பிந்தினாலும் பொறுப்பார்கள். வாழ்த்து மட்டும் முந்தக் கூடாது. நாங்களோ, மண்டபம் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அன்றைக்குப் பிறக்கிற ஆட்கள்.

என் மகள் ஆரணிக்குச் செவ்வாய்க்கிழமை பத்தாவது பிறந்தநாள். ஹம்பேர்க்கில் மண்டபம் கிடைத்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. அழைப்பிதழ் கொடுத்த அன்றே அழுதுகொண்டு வந்தாள்.

"லேனாவை அவவின்ர அம்மா விடமாட்டாவாம், அப்பா. முந்திக் கொண்டாடினால் கூடாதாம். லேனா வராட்டி எனக்குக் கேக்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

புதுப் பள்ளிக்கூடத்தில் முதல்நாள் ஆரணிக்குப் பக்கத்தில் வந்து இருந்த ஒரே பிள்ளை லேனா.

மறுநாள் ஹோட்டல் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவும் பிலாரிடம் இதைச் சொன்னேன். அவள் ஸ்பெயின்காரி, இருவரும் பேசுவது உடைந்த ஜெர்மன். அவர்கள் மொழியில் பிறந்தநாளுக்குப் பெயர் 'கும்ப்ளேஆஞோஸ்' என்றாள். அந்த 'ஞோ' எங்கள் வாய்க்குத் தானாக வருகிறது. 'கும்ப்ளே' என்றால் நிறைவாக்குகிறது, 'ஆஞோஸ்' என்றால் வருஷங்கள். குடையும் அப்படித்தானாம்: 'பாராகுவாஸ்', தண்ணீரை நிறுத்துவது. செய்கிற வேலையையே ஒட்டிப் பெயராக்கிவிடுகிறார்கள்.

"அப்ப உம்மட பிள்ளைக்குச் சனிக்கிழமை வருஷம் நிறையேல்லை. அந்த அம்மா சொல்லுறதுதான் சரி!" என்று சிரித்தாள். உதவி கேட்கப் போனால் எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி.

ஆனால் அந்த 'நிறைவு' என் தலைக்குள் சுற்றியது. பின்னேரம் லேனாவின் அம்மாவிடம் போனேன்.

"எங்கட ஆக்கள் நிறைஞ்ச வயதையும் சொல்லுவினம், நடக்கிற வயதையும் சொல்லுவினம். ஒன்பது நிறைஞ்ச அண்டே ஆரணிக்குப் பத்து நடக்கத் தொடங்கிட்டுது. பாருங்கோ, நாங்கள் முந்தேல்லை, ஒரு வருஷம் பிந்திப்போனம்."

பிள்ளைகளே, இது பொய்யில்லை. நடக்கிற வயதுக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "சரி, வரட்டும். ஆனால் வாழ்த்துச் செவ்வாய்க்கிழமைதான்."

சனிக்கிழமை மண்டபமே வாழ்த்துப் பாடியது. லேனா மட்டும் வாயை இறுக்கி மூடி, ஆரணியின் இடக்கையைப் பிடித்தபடி நின்றாள்.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார் என் மனைவியின் அக்கா.

ஆரணி கத்தி பிடித்திருந்த வலக்கையை உயர்த்தினாள். "இந்தக் கைக்குப் பத்து, பெரியம்மா." லேனா பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "இதுக்கு இன்னும் ஒன்பது."