மாஜோங் மேசையின் அறை

படிவத்தில் நான் பொய் எழுதவில்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி அறை உண்டா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை இருந்தது. உண்டு என்று எழுதி, ஐந்தடிக்கு ஏழடி என்று அளவும் போட்டேன். அந்த அறையில் மாஜோங் என்னும் காய் விளையாட்டுக்கான மேசை நிற்கிறது என்று எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.

ஹாங்காங்கின் க்வுன் டாங்கில் பத்தொன்பதாவது மாடி எங்களுடையது. நான், கணவர், நாலு வயது மகள் கா ஹேய், எட்டு மாதப் பையன் லோக். இரண்டு வாரத்தில் நான் கப்பல் கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டும். ஏஜென்சிக்காரி கணினித் திரையில் ஆறு பெண்களைக் காட்டினாள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டேன்: பன்றிக்கறி சமைப்பாயா, நாய் என்றால் பயமா, பிள்ளை அழுதால் எழுந்திருப்பாயா. ஐந்து பேர் தலையாட்டினார்கள். ஆறாவதாக வந்த மாரிவிக் தும்லாவ் மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"என் ரூமுக்குக் கதவு இருக்கா மேடம்?"

இருந்தது. இருக்கு என்றேன்.

பிறகு அவள் திரைக்குள்ளிருந்தே என் மடியில் இருந்த லோக்கைப் பார்த்தாள். "பையன் எடது காதையே இழுத்துக்கிட்டு இருக்கான். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டினேன். காதுக்குள் சீழ். மூன்று நாளாக அவன் அழுததற்குப் பல் முளைக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றே மாரிவிக்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். சமையலறையில், வாஷிங் மெஷினுக்கு மேலே தச்சன் அடித்துக் கொடுத்த பலகையைக் காட்டினேன். திரைகூடப் போட்டிருந்தேன், பூப்போட்ட துணி. எங்கள் கட்டடத்தில் பல வீடுகளில் இப்படித்தான். அவள் பையைத் திறந்து, நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை எடுத்து என்னிடம் நீட்டினாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இங்க படுத்துக்கிறேன்" என்றாள். "சனிக்கெழமைக்குள்ள ரூமை ஒழிச்சுக் குடுங்க மேடம்."

பிலிப்பைன்ஸில் இசபெலா அவள் ஊர். அங்கே பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். இரண்டு மகள்களைப் படிக்கவைக்க அந்தச் சம்பளம் போதாமல் ஹாங்காங் வந்தாள். முந்தைய வீட்டில் ஆறு வருடம் கூடத்து சோபாவில் படுத்திருக்கிறாள். "அவங்க டிவி பாத்து முடிச்சாத்தான் எனக்கு ராத்திரி" என்று கா ஹேய்க்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். அழுது சொல்லவில்லை. இனி அது நடக்காது என்ற குரலில் சொன்னாள்.

நான் அறையை ஒழிக்கவில்லை. அந்த மேசை நாத்தனார் ஃபுங் லிங் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. காய்களைத் தானே கலைத்து அடுக்கும் மேசை. சனிக்கிழமை தோறும் அவர் தோழிகள் இருவரோடு வருவார், என் கணவர் நாலாவது கை. நாத்தனாரிடம் பேசப் பயந்துகொண்டு, வந்தவள் தானாகப் பழகிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தபோது மேசை லிஃப்ட் வாசலில் நின்றது. அதன் மேல் லோக்கின் காலுறைகள் காய்ந்தன. அறையில் மெத்தை, பை, சுவரில் இரண்டு மகள்களின் படம். மாரிவிக் லோக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"யாரு இதை வெளிய தள்ளினது?" என்றார் நாத்தனார்.

"நான்தாம்மா. சக்கரம் இருக்கு, நோகாம போச்சு."

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "இடம் குடுத்தா மடத்தையே புடுங்குறா பாத்தியா?"

"எனக்கு இன்னும் இடமே குடுக்கலையேம்மா" என்றாள் மாரிவிக். "வாரத்துல ஒரு நாள் ஆடுற மேசைக்கு ரூமு. தெனம் படுக்கிறவளுக்குப் பலகை."

கணவர் சமாதானம் பேசப் போனார். "மூணு மணி நேரந்தான் மாரிவிக். ஆடிட்டுக் குடுத்துடறோம்."

"உங்க கட்டிலை நகத்திட்டு அங்க போட்டு ஆடுங்களேன் சார். மூணு மணி நேரந்தானே?"

தோழிகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "அனுப்பி விடு இவளை. இன்னும் அஞ்சு பேரு இருக்காங்கல்ல?"

அனுப்பினால், சட்டப்படி இரண்டு வாரத்தில் அவள் ஹாங்காங்கை விட்டே போக வேண்டும். மகள்களின் படிப்பு அதோடு நின்றுவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் லோக்கைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வேலைநீக்கப் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஏஜென்சியிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்தாள்.

"அனுப்புங்க மேடம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. உண்மையை மட்டும் எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது? பிள்ளையின் காதுவலியைக் கண்டுபிடித்தாள் என்றா? 'மாஜோங்' என்று எழுத ஆரம்பித்தேன். முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது.

"அண்ணி, மேசையை உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன்.

"என் வீட்ல எங்க இருக்கு இடம்?"

"அதைத்தான் அவளும் கேக்குறா."

நாத்தனார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. மேசையை மூன்றாம் மாடிக் கிழவர்களின் சங்கத்துக்குக் கொடுத்தோம். இப்போது நாத்தனார் அங்கே போய்த்தான் ஆடுகிறார்.

இரண்டு வருடம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, தங்குமிடம் பற்றிய பகுதியை மாரிவிக்கே நிரப்பிக்கொண்டு வந்தாள். தனி அறை, ஐந்தடிக்கு ஏழடி. ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'கதவு உண்டு. தாழ்ப்பாள் உட்புறம்.' அதன் பக்கத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டேன்.