கிறிஸ்மஸ் படத்தின் நடுவில் அக்கா

வீடியோ டெக்கின் வாய்க்குள் கெசட்டைத் தள்ளினால் அது ஒரு தரம் முனகி, கொஞ்சம் யோசித்து, பிறகு 'கடக்' என்று விழுங்கும். விழுங்கிய சற்று நேரத்தில் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை முன்னறை முழுக்கப் பரவும். கிறிஸ்மஸ் என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். கேக் வாசனை அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் தட்டை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு எங்கள் வாசற்படி ஏறும்போது வரும்.

நாங்கள் இந்துக்கள்; தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் நடுவில் இன்னொரு பண்டிகையைத் தேடிப்போக எங்களுக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. ஆனால் குவைத்தில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்து டெக்கைக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு டிசம்பர் மாதம். எண்பதுகளின் பிற்பகுதி அது. கண்டியில் எங்கள் மேட்டுத்தெருவில் அப்போது வேறு யாரிடமும் டெக் கிடையாது. நகரசபையில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு அதில் எதையாவது பதிந்து பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. கிறிஸ்மஸ் அன்று மாலை தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் போட்டார்கள். அப்பா டெக்குக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, விளம்பரம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி நிறுத்தி, படம் தொடங்கியதும் மறுபடி அமுக்கி, தேத்தண்ணிக்குக்கூட எழும்பாமல் முழுவதையும் பதிந்து முடித்தார். கெசட்டின் முதுகில் இருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். "புத்தம் புதுசை யாராச்சும் ஒடைப்பாங்களா?" என்று அப்பா அதைத் தொடவில்லை. அந்தப் பல்லை அன்றே உடைத்திருந்தால் எங்கள் வீட்டுச் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

படத்தின் கதை சின்னதுதான். பனி மூடிய ஒரு சிற்றூர். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் தபால் வண்டி பனியில் புதைந்துவிட, ஒரு கிழத் தபால்காரர் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்த பொதிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஊர்க்கோடியில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு பணக்காரியின் பெரிய வீடு இருக்கிறது. அவளுக்கும் ஒரு பொதி வந்திருக்கிறது. மனுஷன் போய் அந்தக் கதவைத் தட்டுகிறார். கடைசியில் ஊரே அந்த வீட்டில் கூடிநின்று பாடுகிறது. எங்களில் யாருக்கும் ஆங்கிலம் அவ்வளவு வராது என்றாலும், அந்த ஆள் பனியில் நடக்க நடக்க நாங்கள் திரைக்கு இன்னும் கிட்ட நகர்ந்துகொள்வோம். "இந்தக் குளிர்ல அந்த மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக்குடுக்க ஆளில்லையே" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கவலைப்படுவார். வீட்டின் சின்ன மகளான எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தக் கெசட்டைப் போடுவேன், அம்மா கடைக்கு அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டுப் போவேன், வந்து மறுபடி போடுவேன்.

அடுத்த வருடம் அக்கா பெரியவளானாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சடங்கை வீடியோ எடுப்பது அப்போதுதான் எங்கள் பக்கத்தில் தலைகாட்டியிருந்தது. அப்பா பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வீடியோக்காரரை ஏற்பாடு செய்து, அவர் சொன்னபடி தங்கநிற உறை போட்ட ஒரு புதுக் கெசட்டும் வாங்கி அலுமாரியில் வைத்தார். அந்தத் தங்கநிற உறை என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நம்முடைய தபால்காரர் கிழிந்த உறையில் கிடக்க, ஒன்றுமே இல்லாத வெறும் கெசட்டுக்கு இப்படி ஒரு உறையா? சடங்குக்கு முதல் நாள் இரண்டு கெசட்டையும் உறை மாற்றிப் போட்டேன். மறுநாள் வீடு நிறைய ஆட்கள். வீடியோக்காரர் கெசட்டைக் கேட்டார். அப்பா என்னிடம், "அந்தத் தங்கக் கவரை எடுத்துக் குடு புள்ள" என்றார். எடுத்துக்கொடுத்தேன்.

உறை மாற்றியது நினைவு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்து நாள் கழித்து வீடியோக்காரர், பாட்டெல்லாம் போட்டு, மூலைக்கு மூலை ரோஜாப்பூ வைத்து, வேண்டாததை வெட்டி அழகுபடுத்திய ஒரு கெசட்டையும், முதலில் எடுத்த கெசட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் ரோஜாப்பூக் கெசட்டைப் பார்த்து மகிழ்ந்தார்கள். நான் மற்றதைப் பழைய கிழிந்த உறைக்குள் செருகி அலுமாரியின் அடியில் தள்ளிவிட்டு, டிசம்பர் மாதம் வராமலே போய்விட வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸ் அன்று பின்னேரம் ஸ்டெல்லா டீச்சர் கேக்கோடு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குக் கலியாணம் கட்டி வந்து, கணவர் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர் அவர். அவர் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. கிறிஸ்மஸ் அவருக்கு நத்தார்தான். "நத்தாருக்கு ஒரு நத்தார்ப் படம் பாக்காட்டி அது என்ன நத்தார்" என்று சொல்லிக் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். தெருப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். தபால்காரர் நடந்தார், விழுந்தார், எழுந்தார், பெரிய வீட்டுக் கதவை மூன்று தரம் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே ஆரத்தித் தட்டோடு எங்கள் அம்மா நின்றிருந்தார், கலரில், வீடியோக்காரரை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "இஞ்ச பாருங்கோ, தபால்காரன் உங்கட வீட்டுக்கெல்லே வந்திட்டான்!" என்று டீச்சர் கத்தினார். நான் பாதியில் நிறுத்திவைத்த இடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் சடங்கு பதிவாகியிருந்தது. அதுவும் வீடியோக்காரர் வெட்டி எறிந்த அத்தனை சங்கதிகளோடும். யார் முதலில் சீர் வைப்பது என்று புசல்லாவையிலிருந்து வந்த மாமா சண்டைக்குப் போவது இருந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, எல்லோரும் மாமாவைச் சமாதானப்படுத்தப் போன நேரத்தில் அலங்காரக் கதிரையில் தனியாக விடப்பட்ட அக்கா, இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, சீர்த்தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவதை அவள் பாதி கடித்தபோது அத்தை திரும்பிவிட, கடித்த பக்கம் கீழே வரும்படி அதைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து வெட்கப்பட்டாள். கமரா எங்கோ மறந்து வைக்கப்பட்ட மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு திரை ஒரு தரம் நடுங்கி, தபால்காரர் வேறு யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் காயக்கட்டோடு, அந்தப் பணக்காரியின் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று விழுந்த அடிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் படம் அன்றைக்குத்தான் உண்மையாகப் பிறந்தது என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த வருடங்களில் மேட்டுத்தெரு முழுக்க எங்கள் முன்னறைக்கு வந்தது. அழிந்துபோன இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாமாவின் சண்டையை விலக்கப் போய்த்தான் தபால்காரருக்குக் கையில் அடிபட்டது என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். வெறும் கறுப்பு வெள்ளைப் படமாக மட்டும் இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் எங்களுக்கு அலுத்திருக்கும். எங்கள் ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டதால், பத்து வருடமானாலும் அது அலுக்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் அது நரகம். தெருவில் நடந்தால் "லட்டு அக்கா" என்று பெயர். அவள் கெசட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தாள், அம்மா கண்டெடுத்தார். உள்ளே இருக்கும் நாடாவை முழம் முழமாக உருவிப் போட்டாள். அப்பா ஒரு பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி அதை உள்ளே அனுப்பினார். "இத எரிச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள். "எரிப்போம் புள்ள, எரிப்போம்" என்று அப்பா தலையாட்டுவார். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆட்டினார்.

அவளுக்கு இருபத்துமூன்று வயதானபோது கலஹாப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர். இரண்டு பக்கமும் லீவு என்பதால் அவர்கள் பெண் பார்க்க வரும் நாள் கிறிஸ்மஸ் அன்றாக அமைந்துவிட்டது. அதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் எப்படியோ நழுவிப் போயிருந்தது. லட்டுக் கதை அவர்கள் காதுக்கு எட்டியதுதான் காரணம் என்று அக்கா நம்பினாள். இதுவும் போனால் பிறகு யார் முன்னும் போய் நிற்க மாட்டேன் என்று அழுதாள். அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அப்பா கெசட்டை அலுமாரியில் பூட்டினார், சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார். ஸ்டெல்லா டீச்சரிடம் சொல்லிவைக்க மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் வடை தின்றுகொண்டிருந்தபோது டீச்சர் கேக்கோடு படியேறி வந்து, "என்ன, இன்னும் படம் போடேல்லையோ?" என்றார்.

"என்னா படம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இருந்தா போடுங்களேன், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு."

மறுக்க முடியவில்லை. அம்மா சாவியை என் கையில் வைத்து, கதவு தட்டுற இடம் வந்ததும் வேகமா முன்னுக்கு ஓட்டிவிடு என்று காதில் சொன்னார். நான் விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தேன். தபால்காரர் தட்டினார். அமுக்கினேன். எங்கள் டெக் வேகமாக ஓட்டும்போதும் படத்தைக் காட்டும் என்பது அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு பம்பரமாகச் சுற்றினார். மாமா துள்ளித் துள்ளிச் சண்டை போட்டார். அக்காவின் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் பறந்தது; மூன்று லட்டும் மூன்று நொடியில் முடிந்தன.

"நிப்பாட்டு புள்ள," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நிறுத்தினேன். "பின்னுக்குப் போயி மெதுவா போடு."

மெதுவாகப் போட்டேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து "ஐயோ" என்று அக்காவின் குரல் கேட்டது. கடித்த லட்டு தட்டுக்குத் திரும்பியபோது, அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை, "அந்தப் பாதி லட்டு யாருக்குப் போச்சு?" என்று கேட்டார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தாங்க வந்திச்சு" என்றார்.

வீடே அதிரச் சிரிப்பு. யாரும் கூப்பிடாமலே அக்கா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "தட்டுல இருபத்தொரு லட்டு இருந்திச்சு," என்றாள். "காலையிலருந்து எனக்கு ஒருத்தரும் ஒரு வாய் சோறு குடுக்கல. நான் தின்னது ரெண்டரை. அதுக்கு இத்தனை வருசமா சிரிக்கிறீங்க."

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துபோய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்த கேக்கை அவள் கையில் கொடுத்தார். பஸ்ஸுக்கு முன்னால் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. "அதுக்கு முன்ன நாலு வீட்டுக்குப் போனேன்," என்று அத்தான் பின்னாளில் என்னிடம் சொன்னார். "நாலு எடத்துலயும் தலை வகிடுதான் பார்த்தேன். மூஞ்சியப் பார்த்தது உங்க அக்காவத்தான்."

அப்பாவும் இப்போது இல்லை, ஸ்டெல்லா டீச்சரும் இல்லை. அம்மா போன பிறகு அந்தக் கெசட்டைத் தேடி எடுத்தேன். கண்டியின் ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கொழும்பில் ஒரு கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, இனி இதில் ஒன்றும் இல்லை என்று திருப்பித் தந்தார். ரோஜாப்பூக் கெசட்டும் அக்காவின் கல்யாண வீடியோவும் குறுந்தகடாக மாற்றப்பட்டு நன்றாகவே இருக்கின்றன. அவற்றில் அம்மாவும் இருக்கிறார், விறைத்துப்போய், சொல்லிக்கொடுத்த சிரிப்போடு. ஆனால் இரண்டிலும் குரலை அழித்துவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள்.

போன கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தோம். அவள் மகன் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்துப் பெரிய திரையில் போட்டான். ஒரு கீறல் இல்லை. தபால்காரர் நடந்தார், கதவைத் தட்டினார். கறுப்பு உடுப்பில், கையில் விளக்கோடு ஒரு வெள்ளைக்காரி திறந்தாள்.

"இவ யாரு?" என்றாள் அக்கா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "நிப்பாட்டுடா," என்றாள் மகனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த எடத்துல அம்மா வீடியோக்காரர என்னா சொல்லி ஏசுவாங்க?" என்று கேட்டாள்.

"என்னைய ஏன்யா எடுக்குற, புள்ளைய எடு," என்றேன்.

"அப்படி இல்ல. 'ஏன்யா'வ இழுப்பாங்க," என்று அவள் சொல்லிக் காட்டினாள். அதுவும் சரியாக இல்லை. நான் இன்னொரு தரம் சொன்னேன், அவள் இன்னொரு தரம் சொன்னாள். விளக்கைப் பிடித்தபடி அந்த வெள்ளைக்காரி திரையில் காத்துக்கொண்டு நிற்க, நரைத்த தலையோடு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். ஒருத்திக்கும் அம்மாவின் குரல் வரவில்லை.