பெட்டிக்குள் இரண்டு பேட்டரி

என் அக்கா பெரார்கஞ்சில் வயலை ஒட்டியிருக்கும் சமூகக் கூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள் பெண்களுக்கு நடனம் சொல்லிக் கொடுக்கிறாள். பதினோரு பேர் வருகிறார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லா வீட்டுப் பெண்களும் உண்டு. பாதிப் பேர் வயலிலோ பாக்குத் தோட்டத்திலோ வேலையை முடித்துவிட்டு, கால் கழுவிய ஈரத்தோடு கூடத்துக்குள் நுழைவார்கள்.

போன வருடம் பாராடாங் தீவில் ஒரு விழாவுக்கு அவர்களைக் கூட்டிப் போயிருந்தாள். மேடையில் முதல் பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, கரண்ட் போய்விட்டது. பதினோரு பேரும் தூக்கிய கையோடு நின்றார்கள். இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அக்காவையே பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கடைசிவரை கரண்ட் வரவில்லை. ஆடி முடிக்காமலே திரும்பினார்கள்.

இந்த வருடமும் அழைப்பு வந்ததும் அக்கா லம்பா லைனில் இருக்கும் என் வீட்டுக்கு நேராக வந்தாள்.

"நீ பேட்டரியோடதான குடும்பம் நடத்துற? கரண்டை நம்பாத பாட்டுப் பெட்டி ஒண்ணு கட்டிக் குடு. பக்காவா இருக்கணும், சமஜ் கயி?"

அவள் சொன்னதில் பாதி உண்மை. நான் தொலைபேசி நிலையத்தில் பேட்டரி அறையில் வேலை செய்கிறேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசு வேலையாக இங்கே வந்தவர். அக்காவும் தங்கையுமாக நாங்கள் இரண்டு பேரும் இந்தத் தீவில் பிறந்தவர்கள். அக்கா கல்யாணமாகிப் போன வீடு, வெள்ளைக்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய காலத்திலிருந்து இங்கே இருக்கும் குடும்பம். அங்கே வீட்டுப் பேச்சே ஹிந்திதான். அதனால் அவள் தமிழில் ஆரம்பித்ததை இப்படி, புரிந்ததா என்று ஹிந்தியில் முடிப்பாள்.

"கட்டிடலாம்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

முதல் வேலை பேட்டரி செல் தேடுவது. லித்தியம் செல்லை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆன்லைனில் எங்கள் பின்கோடைப் போட்டதுமே அனுப்ப முடியாது என்று வரும். கப்பலில் வரவழைக்கலாம், ஆனால் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில், செத்துப்போன லேப்டாப் பேட்டரிகளை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். வாளியோடு வாங்கி வந்தேன். லேப்டாப் பேட்டரி செத்தது என்றால் உள்ளே இருக்கும் எல்லா செல்லும் செத்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு படுத்துவிடும், மற்றவை அதனால் பழி சுமக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, முழுக்க சார்ஜ் ஏற்றி, இரண்டு வாரம் தொடாமல் வைத்தேன். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, வோல்ட் இறங்கியதைத் தள்ளினேன், நின்றதை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு நல்ல செல் தேறியது.

செல்லின் மேல் நேரடியாகப் பற்றவைக்கக் கூடாது, சூடு உள்ளே இறங்கிவிடும். அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நிக்கல் பட்டையின் நுனியில்தான் வயரைப் பற்றவைத்தேன். சார்ஜ் அளவு மீறி ஏறாமலும் அடியோடு இறங்காமலும் பார்த்துக்கொள்ளும் சின்ன போர்டு ஒன்று, ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று, பழைய காரிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர், பக்கத்தில் யாரோ படகு கட்டியதில் மிஞ்சிய ப்ளைவுட். மேலே கைப்பிடி. பார்க்க அழகாகவே இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பாட்டெல்லாம் அக்காவின் போனில் இருந்தது. அந்தப் போனின் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. புதுப் போன் வாங்கச் சொன்னால் கேட்க மாட்டாள். அதனால் போன் பாடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள்ளிருந்து அதற்கு சார்ஜ் ஏற வேண்டும். பெட்டிக்குள் போனுக்கு ஒரு தட்டு அமைத்து, ஹெட்போன் ஓட்டையில் செருகும் பாட்டு வயரோடு, பெரிய பேட்டரியிலிருந்தே வோல்ட்டைக் குறைத்து ஒரு சார்ஜர் வயரும் கொடுத்தேன்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் வைத்தேன். பாட்டு ஆரம்பத்தில் வெறும் புல்லாங்குழல். அதற்குப் பின்னாலேயே மெல்லிசாக, விடாமல், 'ஙீ' என்று ஒரு சத்தம்.

"மச்சர் ஹை க்யா?" என்று வங்காளிப் பெண் ஒருத்தி காதோரம் கையை வீசினாள். கொசுவாம். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இதோடயா மேடைக்குப் போகச் சொல்ற?"

சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. செருகினேன். திரும்ப வந்தது. போன் திரையைத் தொட்டு வெளிச்சம் வரவைத்தால் சத்தத்தின் சுருதியே மாறியது. அங்கேயே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. போனுக்குப் போகும் சார்ஜும், போனிலிருந்து வரும் பாட்டும் ஒரே பேட்டரியில் போய் முடிகின்றன. சார்ஜ் கரண்ட் திரும்பி வரும்போது தன் வயரில் மட்டும் வராமல் பாட்டு வயரிலும் புகுந்துவிடுகிறது. அதைத்தான் ஸ்பீக்கர் சத்தமாகச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துவைக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு, ஆனால் அது மெயின்லேண்டில்தான் கிடைக்கும். ஒன்பது நாளில் வராது.

இதை அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப போனுக்குத் தனியா ஒரு பவர் பேங்க் வச்சுட்டாப் போச்சு. இதுக்கு எதுக்கு இவ்வளவு லெக்சரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. எல்லாம் ஒரே பேட்டரியில் ஓட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது நான்தான். மறுநாள் ஆபீஸில் ஒருவரிடம் பவர் பேங்க் கடன் வாங்கி, அந்தப் பாட்டை ஏற்றிய என் பழைய போனை அதில் செருகிப் பார்த்தேன். புல்லாங்குழல் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது.

ஆனால் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக சார்ஜ் போட அக்கா ஞாபகம் வைத்திருக்க மாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சின்ன பவர் பேங்க் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே பதித்து, ஒரு சுவிட்ச் வைத்தேன். ஒரு பக்கம் தள்ளினால் ஒரே பிளக்கில் இரண்டுக்கும் சார்ஜ் ஏறும். மறுபக்கம் தள்ளினால் போனின் பேட்டரி தனியாகப் பிரிந்துவிடும். முதலில் ப்ளஸ் வயரை மட்டும் பிரித்தேன். கொசு அப்படியே இருந்தது. மைனஸையும் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சாக மாற்றியதும் ஒழிந்தது. அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன்.

"கொசு எங்க?"

"செத்துப் போச்சு."

"சாபாஷ்," என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

விழா நாளன்று காலையிலேயே காட்டுவழி கேட்டில் வரிசையில் நின்றோம். அது பழங்குடியினரின் காப்புக்காடு என்பதால் வண்டிகளை வரிசையாகச் சேர்த்துத்தான் விடுவார்கள், வழியில் எங்கும் நிற்கக் கூடாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன். பிறகு படகில் ஏறி அக்கரை.

பள்ளி மைதானத்தில் பெரிய பந்தல். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். சவுண்டு ஆள் என் பெட்டியைப் பார்த்து, "யே டிப்பா பஜேகா?" என்று கேட்டான். இந்த டப்பா பாடுமா என்று. "பஜேகா," என்று மட்டும் சொன்னேன்.

எங்களுக்கு முன்னால் மேடை ஏறியவர்கள், வேறு ஊரிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பெண்கள். சின்னப் பிள்ளைகள், எட்டுப் பேர். அவர்கள் சுற்றி வந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பாட்டும் நின்றது. பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒருத்திக்கு உதடு கோணியது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்துகொண்டிருந்தாள். எங்கள் பெண்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைகளின் டீச்சர் தன் போனை நீட்டினாள். அதில் ஹெட்போன் ஓட்டையே இல்லை, புது மாடல். பாட்டை அக்கா போனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நெட்வொர்க் கிடையாது, போனுக்குப் போன் நேராக அனுப்பினோம். ஆயிரம் பேர் முதுகில் கண் வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

"தீதீ, பேட்டரி தாங்குமா? உங்க டான்ஸும் இருக்கே," என்று டீச்சர் ஹிந்தியில் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சாயங்காலம்வரைக்கும் தாங்கும்," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தேகம்கூட இல்லை. பன்னிரண்டு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான்.

பாட்டு வந்தது. பின்வரிசைக்கு அது எட்டாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்தது. அப்போது பின்னாலிருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சிலர், வெறும் தரையில் சிலர், மேடையின் விளிம்பை ஒட்டி நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் முதலிலிருந்து ஆடினார்கள். அடுத்து எங்கள் பதினோரு பேர். புல்லாங்குழலின்போது மைதானத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. அதற்கப்புறம் இன்னும் இரண்டு குழுக்கள். கரண்ட் வந்தபோது நிகழ்ச்சி முடிந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு அந்தப் பிள்ளைகளுக்கு.

"நீ பெட்டியக் குடுக்காம இருந்திருந்தா முதல் பரிசு நமக்குத்தான்," என்றேன் படகில்.

"ஆமா," என்றாள் அக்கா சந்தோஷமாக, "அதுக்கென்ன இப்போ?"

அடுத்த வாரம் அந்த டீச்சர் எனக்குப் போன் செய்தாள். அவர்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி வேண்டுமாம். கட்டித் தருகிறேன், ஆனால் புதுப் போனுக்கு ஏற்ற மாதிரி ப்ளூடூத் வைத்து, அதற்கும் தனி பேட்டரி கொடுத்துக் கட்ட வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றேன். ரிப்பேர்க் கடைக்கு மறுபடியும் வாளியோடு போனேன். இந்த முறை வேலையை ஆரம்பிக்கும் முன்பே சர்க்யூட்டைத் தாளில் வரைந்து, பெரார்கஞ்சுக்குப் போய் அக்காவிடம் காட்டினேன்.