மேனேஜருக்காகக் கை ஓங்கிய ஏழுமலை

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் என் தட்டச்சுக் கடையில் யாருடைய பாகப்பிரிவினையையோ அடித்துக்கொண்டிருந்தபோது, நம் ஜங்ஷன் கால்பந்து கிளப் செயலாளர் பாஸ்கர் போன் செய்தார். "அண்ணா, வளவனூர் ஏழுமலை பூட்டாருண்ணா" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "யாரு அடிச்சது?" என்ற கேள்விதான். பாஸ்கர் திகைத்துப்போய், "யாரும் அடிக்கலண்ணா. கரும்பு வெட்டறத பாத்துக்கினு வரப்புல நின்னாராம். நெஞ்ச புடிச்சிக்கினு அப்பிடியே குந்திட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். நான் நம்பவில்லை, மறுபடியும் கேட்டேன். ஏழுமலை அடி வாங்காமல், அடி கொடுக்காமல், சும்மா நின்ற இடத்தில் சாவார் என்று அவரை அறிந்த நாம் யாராவது நினைத்திருப்போமா?

இதைப் படிக்கும் கிளப் நண்பர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் அவருக்காக அடி வாங்கியவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. கழுத்து என்ற ஒன்றே தெரியாத குட்டை உருவம், உரல் மாதிரி தோள். விழுப்புரத்தில் நமக்கு ஆட்டம் என்றால் பார்க்க வளவனூரிலிருந்து புல்லட்டில் வந்து இறங்குவார். வண்டியின் முன்னால் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை தொங்கும். அந்தக் கடலையை நமக்கும் கொடுப்பார், எதிரணிக்காரனுக்கும் அள்ளிக் கொடுப்பார். பை காலியானதும்தான் சண்டையை ஆரம்பிப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "பசியோட இருக்கறவன அடிக்கக் கூடாது டைப்பு" என்றார். டைப்பு என்பது என் தொழிலை வைத்து அவர் எனக்கு இட்ட பெயர். என் சொந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

காணையில் நடந்த ஒரு போட்டியில் நம் கோல்கீப்பர் சதீஷின் தாயைச் சேர்த்து ஒருவன் அசிங்கமாகப் பேசினான். ஏழுமலை அவன் சட்டைக் காலரைப் பிடித்து, கரும்புக் கொல்லை வழியாகத் தரதரவென்று இழுத்துப்போய் வாய்க்காலில் தலையை முக்கினார். எடுத்தார். மறுபடி முக்கினார். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அவர் கையைப் பிரித்தோம். மூச்சு வாங்க வெளியே வந்தவனிடம், "கோலி பந்த உட்டா கோலிய திட்டு. அவங்கம்மா இன்னாடா உட்டாங்க?" என்று நியாயம் கேட்டார். அவன் இருமிக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். கரையேற்றித் தன் துண்டால் அவன் தலையைத் துவட்டியவரும் ஏழுமலைதான்.

ஆனால் அவரை நினைத்தால் திண்டிவனம் இறுதி ஆட்டத்தை நினைக்காமல் முடியாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. எதிரில் திண்டிவனத்து ஏரிக்கரை அணி. நம் மேனேஜர் ஆரோக்கியம் சார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, விடியற்காலையில் ஓடவைப்பது, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவது எல்லாமே அவர்தான். ஒன்றுக்கு பூஜ்யம் என்று நாம் முன்னணியில் இருந்தோம். இன்னும் ஏழெட்டு நிமிடம்தான் பாக்கி. அப்போது நாம் போட்ட இரண்டாவது கோலை ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். அந்தப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் சுற்றுச்சுவர் கட்ட ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் எல்லோரும் வாயால் கத்திக்கொண்டிருந்தபோது ஏழுமலை குனிந்தார். நிமிர்ந்தார். லைன்ஸ்மேனின் காதோரம் கிழிந்து, வெள்ளைச் சட்டை தோள்வரை சிவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை மைதானத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே ஜல்லிக் குவியலின் அந்தப் பக்கம் திண்டிவனத்துக்காரர்கள், இந்தப் பக்கம் நாம். கல் தீர்ந்தவர்கள் பந்தலில் கட்டியிருந்த சவுக்குக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மைதானத்துக்குள் விழுந்த கல்லில் ஒன்று சதீஷின் புருவத்தைப் பிளந்தது. இரத்தம் கண்ணை மறைக்க, பந்து எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அவன் காற்றில் கையை வீசினான். ஆரோக்கியம் சார் உள்ளே ஓடினார். ஏழு பேரையும் கோழிக்குஞ்சுகளை அணைப்பதுபோல் சேர்த்து, தன் முதுகைக் கல்லுக்குக் கொடுத்துக்கொண்டு, "வண்டில ஏறு. ஏறுடா" என்று வேனுக்குத் தள்ளினார். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. நடுவர் மூன்று முறை விசில் ஊதி நம் அணியை ஆடக் கூப்பிட்டார். மேனேஜர் வேன் கதவைத் திறக்கவில்லை. கோப்பை ஏரிக்கரை அணிக்குப் போயிற்று.

நம் கிளப்பில் மேனேஜராக ஒருவரை அமர்த்தும்போது மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் கிளப் சால்வையைப் போர்த்துவோம். அவர் பதவியில் இருக்கும்வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார். அன்று திண்டிவனத்தைத் தாண்டியதும் நிர்வாகக்குழுவினர் வேனை நிறுத்தி, அந்தச் சால்வையை ஆரோக்கியம் சாரின் தோளிலிருந்து உருவினார்கள். அவர் பின்தலையில் அடிபட்ட இரத்தம் அதில் ஒட்டியிருந்தது. அவரை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வேன் புறப்பட்டது. ஏழுமலை அந்த வேனில் இல்லை. போலீஸ் போன பிறகு அவரைத் திண்டிவனத்து ஆட்கள் மைதானத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஜங்ஷன் டீக்கடைக்கு ஏழுமலை ஒரு கண் மூடிய நிலையில், விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயம் அப்போதுதான் அவருக்குத் தெரியும். "கல்லு உட்டது நானு. வேல போனது அவருக்கா? என்னத் தூக்குங்கடா கிளப்ப உட்டு!" என்று கத்தினார். ரசிகனை எப்படி நீக்குவது? அவருக்குப் பதவியும் இல்லை, சால்வையும் இல்லை. பொருளாளர் அதைத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் டீக்கடை பெஞ்சு அவர் மேல் விழுந்தது. நான் இடையில் புகுந்து, "கல்லு உட்டது தப்புதாண்ணா. ஆனா ஜெயிக்கற ஆட்டத்த உட்டுட்டு வந்ததும் தப்புதான். மேனேஜர தூக்கனது சரி" என்றேன். என் முன்பல் போன கதை இதுதான். நானும் சும்மா இல்லை. டீ கிளாஸ் வைக்கும் கம்பிக் கூடையால் அவர் காதைக் கிழித்தேன். இருவருக்கும் இரத்தம் நிற்கவில்லை. என்னைப் புல்லட்டில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனவரும் அவர்தான். வழியெல்லாம், டாக்டர் அவர் காதில் தையல் போடும்போதும்கூட, "சதீஷ் கண்ணு போயிருந்தா கோப்பையிலயாடா சோறு துன்னுவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மேனேஜரை நீக்கியது தவறு" என்று கிளப் தீர்மானம் போட வேண்டும். அதை ஆரோக்கியம் சார் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து நிற்பார். நான் எதிர்த்து எழுந்து நிற்பேன். நடுவர் கூப்பிட்டபோது போயிருக்கலாம், போலீஸ் வந்த பிறகு கல் விழவில்லை, சதீஷுக்குப் பதில் வேறொருவனை கோலில் நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. "அந்த நேரத்துல அடுத்த கல்லு வராதுன்னு உனக்கு எவன்டா சொன்னான்?" என்பது அவர் கட்சி. பிறகு நாற்காலிகள் பறக்கும். கல்யாண மண்டபக்காரர்கள் நமக்கு இடம் தருவதை நிறுத்தியது இதனால்தான். வாட்ஸாப் குழுவிலும் இதே கதை. எழுதத் தெரிந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஏழுமலை குரல் அனுப்புவார்: "வாட்ஸாப்ல எல்லாரும் பெரிய ரவுடிதான். ஜல்தியா வளவனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வா, நேர்ல பேசிக்கலாம்." ஒருவன் உண்மையிலேயே போனான். மூக்குத் தண்டு உடைந்து திரும்பி வந்தான்.

ஆரோக்கியம் சார் அதற்குப் பிறகு எந்த மைதானத்துக்கும் வரவில்லை. ஓமந்தூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். ஏழுமலை அவரைத் தேடிப் போனார். அந்தக் கதையை என்னிடம் அவரே சொன்னார். "கால்ல உயுந்தேன் டைப்பு. கல்லு உட்டது நான்தான் சார்னேன். மனுசன் செருப்ப கயட்டி அடிச்சாரு. மூஞ்சிலயே அடிச்சாரு. இன்னும் ரெண்டு அடிங்க சார்னேன். கதவ சாத்திக்கினாரு." ஊரில் யாரும் தொடப் பயந்த ஆள், செருப்படி வாங்கியதைப் பரிசு வாங்கியதுபோல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கடைசிப் பொதுக்குழுவில் அவரை அடித்தவர்கள் திண்டிவனத்துக்காரர்கள் இல்லை, நாம்தான். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு அவர் பேச்சு சலித்துவிட்டது. "இந்தப் பெருசு பெரிய பேஜாரு" என்று ஒருவன் மைக்கைப் பிடுங்கினான். ஏழுமலை அவனை அறைந்தார். மூன்று பேர் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். பழைய ஏழுமலையாக இருந்தால் மூவரையும் சுவரில் சாத்தியிருப்பார். அன்று எழவே முடியவில்லை. நான் அவர் மேல் குப்புற விழுந்து மீதி உதையை வாங்கினேன். அடியில் கிடந்தபடியே, "நீ அவுங்க கட்சியாச்சே, நீ ஏன்டா குறுக்க வந்த?" என்றார். "கட்சி வேறண்ணா, உன் குடல் வேற" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது போலிருக்கிறது, என்னையே திட்டினார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வளவனூரில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி செல்வி அக்கா என்னைப் பார்த்ததும், "உன்கூட அடிச்சிக்கினாதான்டா தம்பி அவுருக்கு சோறு எறங்கும்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அப்போது ஒரு ஆட்டோவிலிருந்து ஆரோக்கியம் சார் இறங்கினார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்து, ஏழுமலையின் தலைமாட்டில் நின்றார். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டார். செருப்பால் அடித்த கன்னம் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்ற நம் கிளப் இளைஞன் ஒருவன், "இதான் ஆட்டத்த பாதியில உட்டுட்டு ஓடியாந்த ஆளா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் அவர் காதில் விழுந்துவிட்டது. தொட்ட கையை எடுத்துக்கொண்டார்.

பல வருடமாக நான் சொல்லிவந்த வார்த்தைதான் அது. இதற்கு எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் முன்னால் மாலையோடு படுத்திருந்தார். நான் அந்த இளைஞனை அறைந்தேன். அவன் பந்தல் காலில் போய் மோதினான். மறுபடி அறைந்தேன். உதடு கிழிந்து அவன் சட்டையில் இரத்தம் சொட்டியது. பாஸ்கர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "அண்ணா, நீயே அதத்தானேண்ணா சொல்லிக்கினு இருந்த!" என்று கத்தினார். பறை ஒரு கணம் நின்று, மீண்டும் அடிக்க ஆரம்பித்தது. ஆரோக்கியம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுடுகாடு வரை என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

நண்பர்களே, ஏழுமலைக்கு இரங்கல் தீர்மானம் போடப் பொதுக்குழு கூடுகிறது என்று பாஸ்கர் சொன்னார். அதற்கு முன் அவருடைய தீர்மானத்தைப் போடுங்கள். ஆரோக்கியம் சார் இன்னும் ஓமந்தூரில் இருக்கிறார், நடக்கிறார், காது கேட்கிறது. ஏழுமலை எழுந்து நிற்கும் இடத்தில் இனி நான் எழுந்து நிற்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், இந்தச் சண்டையில் அவருடைய பாதி. மேனேஜரை நீக்கியது சரி என்ற என் கருத்து கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அதை என் எதிரில் எவனாவது சொன்னால், பல்லைப் பெயர்த்துவிடுவேன்.